பத்தில் ஒரு வேலை யாருடையது?

ஆண்டுதோறும் செப்டம்பர் 27-ஆம் நாள் உலக சுற்றுலா நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பணி ஓய்வுக்குப் பின்னரும் அந்த நாளையொட்டிய கல்லூரி விழாக்களுக்கு என்னை அழைப்பதுண்டு. எந்த மேடையாயினும் ஒரு வாக்கியம் தவறாமல் ஒலிக்கும்: "உலகில் பத்தில் ஒரு வேலையைச் சுற்றுலாத் துறையே அளிக்கிறது." மாணவர்கள் கைதட்டுவார்கள், நானும் தட்டியிருக்கிறேன். ஆனால், நெடுங்காலம் தேசிய வருமானக் கணக்கியலைக் கற்பித்தவன் என்ற முறையில், அந்தப் பத்தில் ஒருவர் யார், அவரை எண்ணியவர் யார் என்ற கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

இந்த எண், உலகப் பயண, சுற்றுலா கவுன்சில் வெளியிடுவது. 1990-இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, பெரும் விமான நிறுவனங்கள், விடுதிக் குழுமங்கள், பயண நிறுவனங்கள் ஆகியவற்றின் தலைவர்களை உறுப்பினர்களாகக் கொண்டது. 2018-ஆம் ஆண்டில் இத்துறை உலகெங்கும் 31.9 கோடி வேலைகளுக்கு ஆதாரமாக இருந்தது என்றும், அது மொத்த வேலைவாய்ப்பில் 10 சதவீதம் என்றும் அது கணித்தது. அதே அறிக்கையில், மேடைக்கு ஏறாத இன்னோர் எண்ணும் இருக்கிறது. விடுதி, விமானம், பயண முகமை போன்றவற்றில் நேரடியாகப் பணிபுரிந்தோர் 12.3 கோடி பேர், அதாவது 3.8 சதவீதம். பத்தில் ஒருவர் என்பது இங்கே இருபத்தாறில் ஒருவராகச் சுருங்கிவிடுகிறது.

எஞ்சிய ஏறத்தாழ 20 கோடி பேர் எங்கிருந்து வந்தார்கள்? இதைப் புரிந்துகொள்ள, சுற்றுலா என்பது பொருளியலில் மற்றத் தொழில்களைப் போன்றதன்று என்பதை முதலில் அறிய வேண்டும். எஃகுத் தொழிலாளி யார் என்று கேட்டால் ஆலையைக் காட்டலாம். சுற்றுலாவுக்கு அப்படியோர் ஆலை இல்லை. இங்கே ஒரு பொருளை யார் உற்பத்தி செய்கிறார் என்பதைவிட யார் வாங்குகிறார் என்பதே தொழிலைத் தீர்மானிக்கிறது. உள்ளூர்க்காரர் குடிக்கும் தேநீர் வெறும் தேநீர். வெளியூர்ப் பயணி குடித்தால் அதே தேநீர் சுற்றுலா.

பயணி என்பவர் யார்? தம் வழக்கமான வாழிடச் சூழலை விட்டு, ஓராண்டுக்குக் குறைவான காலத்துக்கு, சென்ற இடத்தில் வேலைக்கு அமர்வது தவிர்த்த வேறெந்த நோக்கத்துக்காகவும் செல்பவர் என்பது ஐ.நா. வகுத்த இலக்கணம். இதன்படி திருமணத்துக்குச் செல்பவரும் பயணியே. இரவு தங்கினால் அவர் சுற்றுலாப் பயணி. மருத்துவத்துக்குச் செல்பவரும் அவ்வாறே.

சில மாதங்களுக்கு முன் உறவினர் ஒருவரின் சிகிச்சைக்காக வேலூரில் சில நாள்கள் தங்க நேர்ந்தது. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்க மொழிப் பெயர்ப் பலகைகள். மீன் குழம்புச் சாப்பாடு. ரயில் முன்பதிவு செய்து தரும் சிறு கடைகள். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வரும் நோயாளிகளை நம்பியே அந்தத் தெருக்கள் உயிர் வாழ்கின்றன. நான் தங்கிய விடுதியில் ஏழு பேர் வேலை செய்தனர். அவர்களுள் மூத்தவரிடம், "நீங்கள் சுற்றுலாத் துறையில்தான் இருக்கிறீர்கள், தெரியுமா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "டூரிஸ்ட்டா? இங்க வர்றவங்க எல்லாம் நோயாளிங்க சார்" என்றார்.

புள்ளியியல்படி அவர் சொன்னது தவறு. ஆனால், தாம் எந்தத் துறையில் எண்ணப்படுகிறோம் என்பதே அறியாத ஒருவர் அந்தத் துறையின் பெருமைக் கணக்கில் இடம்பெற்றிருக்கிறார் என்பதை அவருடைய சிரிப்பு எனக்கு உணர்த்தியது.

இவரை எண்ணுவதற்காக உருவானதே 'சுற்றுலா துணைக் கணக்கு' என்ற முறை. 1994-இல் கனடா முதன்முதலில் இதை வெளியிட்டது, பின்னர் ஐ.நா. இதற்குப் பொது வரைமுறை வகுத்தது; இந்தியா 2002-03-ஆம் ஆண்டுக்கு முதல் கணக்கைத் தயாரித்தது. முறை எளிது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு தேநீர்க் கடை. அதன் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு வெளியூர்ப் பயணிகளிடமிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடையின் ஐந்து வேலைகளில் ஒன்று சுற்றுலா வேலை. எந்த ஒன்று? வடை சுடுபவரா, குவளை கழுவுபவரா? கணக்குக்கு அது தேவையில்லை. ஐந்து பேரிடமிருந்தும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து ஒரு முழு மனிதராக்கிவிடுகிறது. அந்த மனிதருக்குப் பெயரில்லை, முகமில்லை.

இதில் பிழை ஏதுமில்லை. நான் இதை வகுப்பில் பல முறை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். இதற்கு மேல் கட்டப்படும் மாடிகளில்தான் கவனம் தேவை. விடுதிக்குக் காய்கறி விளைவிக்கும் உழவர், துணி வெளுப்பவர் ஆகியோரைச் சேர்த்தால் மறைமுக வேலைவாய்ப்பு. இவர்கள் எல்லாரும் தம் ஊதியத்தைச் செலவழிப்பதால் பிழைக்கும் மளிகைக் கடைக்காரரையும் சேர்த்தால் தூண்டப்பட்ட வேலைவாய்ப்பு. பத்தில் ஒன்று என்பது இந்த மூன்று மாடிகளின் உயரம். வேளாண்மை, கட்டுமானம், வாகனத் தொழில், ஜவுளி என ஒவ்வொன்றும் இப்படியே தன் கணக்கைக் கூட்டினால், நாட்டின் வேலைகள் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். அதே உழவர் பல துறைகளின் கணக்கில் ஒரே நேரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். 2019-20-ஆம் ஆண்டில் நேரடியாகவும் மறைமுகமாகவும் ஏறத்தாழ 8 கோடி வேலைகள், அதாவது மொத்தத்தில் 15 சதவீதத்துக்குச் சற்று அதிகம், சுற்றுலாவால் கிடைத்தன என்று மத்திய சுற்றுலா அமைச்சகம் வெளியிட்டது. ஏறத்தாழ அதே காலத்துக்கு உலகப் பயண, சுற்றுலா கவுன்சில் இந்தியாவுக்குத் தந்த எண் சுமார் 4 கோடி. ஒரே நாடு, ஒன்று மற்றொன்றின் இருமடங்கு. இரண்டில் எதுவும் பொய்யன்று. உள்நாட்டுப் பயணங்களை எவ்வாறு மதிப்பிடுவது, பெருக்கியை எவ்வளவாகக் கொள்வது என்பதில் இருக்கிறது வேறுபாடு. நம் தேசிய மாதிரி ஆய்வு கண்ட உள்நாட்டுப் பயணங்களில் பெரும்பங்கு உறவினரையும் நண்பரையும் காணச் செல்பவை. அத்தை வீட்டுக்குப் பேருந்தில் போய் வந்ததும் இதில் அடக்கம் என்று சொன்னால் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள்.

நான்கு கோடியா, எட்டுக் கோடியா என்பது பொருளியலாளர்களின் பொழுதுபோக்கு என்று 2020 வரை நானும் நினைத்திருந்தேன்.

அந்த ஆண்டு கரோனா பெருந்தொற்றால் உலகில் 6.2 கோடி சுற்றுலா வேலைகள் மறைந்தன என்று அந்தக் கவுன்சில் கணித்தது. 2019-இல் 140 கோடியைத் தாண்டியிருந்த பன்னாட்டுப் பயணிகளின் வருகை ஏறத்தாழ 40 கோடியாக வீழ்ந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் மட்டும், சுற்றுலாவின் 3.48 கோடி நேரடி வேலைகளில் 1.45 கோடி பறிபோயிருக்கும் என்று, அமைச்சகத்துக்காக தேசிய பயன்முறைப் பொருளாதார ஆராய்ச்சிக் கவுன்சில் மேற்கொண்ட ஆய்வு மதிப்பிட்டது.

பறிபோனது இத்தனை கோடி என்று கணக்கு சொல்லிவிட்டது. நிவாரணம் யாருக்கு என்ற கேள்வி வந்தபோது கணக்கு வாய் திறக்கவில்லை. 2021 ஜூன் மாதம் நிதி அமைச்சர் அறிவித்த சுற்றுலாத் துறைக் கடன் உத்தரவாதத் திட்டம், மத்திய, மாநில அரசுகளின் அங்கீகாரம் பெற்ற 10,700 வழிகாட்டிகளையும், அங்கீகாரம் பெற்ற ஏறத்தாழ ஆயிரம் சுற்றுலா நிறுவனங்களையும் இலக்காகக் கொண்டது. வழிகாட்டிக்கு 1 லட்சம் ரூபாய் வரை, நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை கடன். பெருமை பேசும்போது எட்டுக் கோடி. உதவி செய்யும்போது பன்னிரண்டாயிரத்துக்கும் குறைவு. ஏறத்தாழ ஏழாயிரத்தில் ஒன்று.

அரசு மனமிரங்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. விடுதி, பயண நிறுவனங்களுக்கான அவசரகாலக் கடன் உத்தரவாதம் தனியே இருந்தது. அது முதலாளிகளுக்கான வழி. தொழிலாளியைப் பொருத்தவரை, அரசின் கையில் இருந்த பட்டியலில் இருந்தவர்களுக்கு உதவி சென்றது. பட்டியலே இல்லாதவர்களுக்குச் செல்லவில்லை. தமிழகத்தில் நல வாரியங்களில் பதிவு பெற்ற கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் 1,000 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. கடற்கரையில் சங்கு மாலை விற்றவர், குடும்ப அட்டைதாரராக அரிசி பெற்றிருப்பார். சாலையோர வியாபாரி என்ற அடையாளம் இருந்திருந்தால் 10,000 ரூபாய் கடன் பெற்றிருப்பார். சுற்றுலாத் தொழிலாளியாக அவருக்கு எதுவும் இல்லை. ஏனெனில், அப்படியொருவர் துணைக் கணக்கில் மட்டுமே வாழ்கிறார்.

ஸ்பெயினின் அனுபவம் இங்கே கருதத்தக்கது. அந்த நாடும் சுற்றுலாவை நம்பியே இருக்கிறது. 2020-இல் விடுதிகள் மூடப்பட்டபோது, தற்காலிகப் பணி நிறுத்தத் திட்டத்தின் கீழ் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சேர்க்கப்பட்டு, அடிப்படை ஊதியக் கணக்கில் 70 சதவீதம் அரசால் வழங்கப்பட்டது. அவர்களில் விடுதி, உணவகப் பணியாளர்களும் பெருமளவில் இருந்தனர். இது முடிந்ததற்குக் காரணம், அங்கே மேசை துடைப்பவருக்கும் எழுத்துபூர்வமான ஒப்பந்தமும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் இருந்தன என்பதே. பருவ வேலைக்கென்றே ஒரு நிரந்தர ஒப்பந்தமும் அங்கு உண்டு: கோடையில் வேலை, பருவம் முடிந்ததும் வேலையின்மைப் படி, அடுத்த பருவத்தில் முறைப்படி மீண்டும் அழைப்பு, இடையில் பணிமூப்பு அறுபடாது. 2021-இன் தொழிலாளர் சட்டத் திருத்தம் இதை மேலும் விரிவாக்கியது. ஸ்பெயின் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்கள், ஒப்பந்த நிறுவனங்கள் வழியாகக் குறைந்த கூலிக்கு அமர்த்தப்படுவதை எதிர்த்து 'லாஸ் கெல்லிஸ்' என்ற பெயரில் அங்கே திரண்டிருக்கிறார்கள். உலக அளவிலும் சுற்றுலாப் பணியாளர்களில் 54 சதவீதம் பெண்கள். அவர்களது ஊதியமோ ஆண்களைவிட 14.7 சதவீதம் குறைவு என்று ஐ.நா. சுற்றுலா அமைப்பு 2019-இல் கண்டது.

இப்போது நிலைமை மீண்டுவிட்டது. 2024-இல் பன்னாட்டுப் பயணிகளின் வருகை மீண்டும் 140 கோடியை எட்டியது, வேலைகள் 35.7 கோடி என்று புதிய எண் மேடைக்கு வந்துவிட்டது. அடுத்த இடர், அது தொற்றோ போரோ புயலோ, வரும்போது நம்மிடம் என்ன பட்டியல் இருக்கும்? நாம் செய்யக்கூடியவை சிலவே, பெரும் செலவு பிடிப்பவையும் அல்ல. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான ஈ-ஷ்ரம் தளத்திலும் மாநில நல வாரியங்களிலும் பதிவு செய்வோரிடம், "உங்கள் வருவாய் வெளியூர்க்காரர்களை நம்பியதா? ஆண்டில் எத்தனை மாதம் வேலை?" என்ற இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம். சுற்றுலாத் திட்டங்களுக்கு முதலீட்டு மானியம் வழங்கும் மாநிலங்கள், பணியாளர் பட்டியலையும் அவர்களது காப்பீட்டு எண்களையும் அதற்கு நிபந்தனையாக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் விடுதிகள் ஈ.எஸ்.ஐ. கட்டாய வரம்புக்குள் வருவதில்லை, நான் பார்த்த வேலூர் விடுதி அப்படிப்பட்டதுதான். இவற்றுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். விடுதியில் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவரது விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க நம்மால் முடிகிறது. அவரது பெட்டியைத் தூக்கிச் செல்பவரின் விவரத்தையும் ஆண்டுக்கொரு முறை தெரிவிக்க முடியாதா?

வேலூர் விடுதிக்காரரிடம் 2020 பற்றிக் கேட்டேன். ரயில்கள் நின்ற வாரத்திலேயே விடுதியைப் பூட்டிவிட்டார்கள் என்றார். செங்கல் சூளையில் ஏழு மாதம் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். வாரிய அட்டையோ வேறு பதிவு அட்டையோ ஏதேனும் உண்டா என்றேன். மேசை இழுப்பறையிலிருந்து விடுதியின் முகவரி அட்டை ஒன்றை எடுத்துத் தந்து, அடுத்த முறை வரும்போது அறை வேண்டுமானால் அதிலுள்ள எண்ணுக்கு முன்கூட்டியே அழைத்துவிடச் சொன்னார்.