கறுப்பு வெள்ளைப் படத்தில் கூறைப் புடவை என்ன நிறம்?

உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு பழைய ஆல்பம் இருக்கும். பாட்டி, தாத்தா, பெரியப்பா கல்யாணம், எல்லாம் கறுப்பு வெள்ளை. இப்போது செல்போனிலேயே ஒரு பொத்தானைத் தட்டினால் கலராக்கித் தருகிறது. என் பிள்ளைகளும் என் மாமியாரின் 1965-ம் வருஷத்துக் கல்யாணப் படத்தை அப்படிக் கலராக்கிக் காட்டினார்கள். முகங்கள் பரவாயில்லை. ஆனால் பட்டுப் புடவை பழுப்புச் சாக்கு மாதிரி! ஜரிகைக்கும் அதே பழுப்புதான்.

இயந்திரத்தைச் சொல்லிக் குற்றமில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் பதிவாவது வெளிச்சத்தின் அளவு மட்டும்தான். அரக்கும் பாசிப்பச்சையும் ஒரே சாம்பலாக விழலாம். பழைய ஆர்த்தோ வகை ஃபிலிமுக்கோ சிவப்பே தெரியாது. குங்குமம் மைப் பொட்டு மாதிரி இருக்கும். ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம் குத்துமதிப்பாகத்தான் நிறம் போடுகிறது. நம் வீட்டுப் புடவையை அது எங்கே கண்டது?

கண்டவர்களில் எங்கள் அத்தை ஒருவர்தான் இருக்கிறார்கள், எண்பது தாண்டிவிட்டது. மாமா காலமாகிவிட்டார். புடவையும் இல்லை, 1983-ல் நாத்தனார் கல்யாணச் செலவுக்காக, பழைய பட்டை ஜரிகைக்கு எடுப்பவரிடம் போய்விட்டது. அத்தைக்கு இப்போதெல்லாம் ஞாபகம் முன்னே பின்னே. இன்னும் தள்ளிப்போட்டால் கேட்க ஆள் இருக்காது என்று படத்தைக் கையில் கொடுத்தேன். "உடம்பு அரக்கு, பார்டர் பாசிப்பச்சை. தலையில கனகாம்பரம்னா நினைச்சே? டிசம்பர் பூடி அது! தை மாசக் கல்யாணமாச்சே" என்றார்கள்.

பத்தாவது படித்த நான் 'ஜிம்ப்' என்ற இலவச மென்பொருளை மகளிடம் கற்றுக்கொண்டேன். முதலில் படத்தை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்க்கவே பிய்க்காதீர்கள், கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யலாம். ஈரத்துணியும் வேண்டாம்.

அப்புறம் படத்தின் மேல் ஒரு புது லேயர் போட்டு, அதன் மோடை 'நார்மல்' என்பதிலிருந்து 'கலர்' என்று மாற்றி, அதில் பிரஷ்ஷால் நிறம் பூச வேண்டும். சூட்சுமம் இங்கேதான். நார்மலில் பூசினால் சுவருக்கு டிஸ்டெம்பர் அடித்த மாதிரி நெசவு, மடிப்பு எல்லாம் மறைந்துபோகும். கலரில் பூசினால் வண்ணக் கண்ணாடித் தாளை மேலே விரித்த மாதிரி. அடியில் உள்ள வெளிச்சமும் நிழலும் அப்படியே நிற்கும். பட்டின் இழை, கோரைப்பாயின் வரி, பந்தல் கீற்றின் முடைச்சல் எதுவும் கெடாது.

ஆனாலும் ஜரிகைக்கு ஒரே மஞ்சளைப் பூசினால் பிளாஸ்டிக் பூ மாதிரி ஆகிவிடும். மினுக்கும் இடத்தில் வெளிர் மஞ்சள், மடிப்பில் பழுப்பு என்று பிரித்துப் பூசி, லேயரின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைத்தால்தான் உலோகமாகத் தெரியும். சுத்த வெள்ளையில் இந்த மோடில் நிறம் ஏறாது. மல்லிகைக்கு அது நல்லதாயிற்று, காம்புக்கு மட்டும் துளி பச்சை போதும்.

டிசம்பர் பூவுக்காக எங்கள் பெரிய மார்க்கெட்டுக்கே போனேன், சீசன்தான். கடைத் தார்ப்பாயின் நீல நிழலில் நிறம் ஏமாற்றும். கால் முழம் வாங்கி வெளியே வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரே ஊதா இல்லை, காம்புப் பக்கம் வெளுத்திருந்தது. அப்படியே மஞ்சள் கிழங்கும் வாங்கிவந்து கல்லில் உரைத்து, கல்யாணப் பெண்ணின் முகத்துக்கு நிறம் பார்த்துக்கொண்டேன். மருமகள் மஞ்சள் வாங்கினதில் அத்தைக்குத்தான் சந்தோஷம்!

நம் புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களை பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு ஸ்கேன் செய்து பாதுகாத்திருக்கிறது. அந்தக் காலத்திலேயே படத்தின் மேல் பிரஷ்ஷால் கலர் தீட்டிக் கொடுத்த ஓவியர்கள் உண்டு. அவர்கள் தீட்டினது அசல் படத்தின் மேலேயே. நமக்கு அந்தப் பயம் இல்லை. லேயரை அழித்தால் பழைய படம் பத்திரமாக இருக்கும். கலர் பிரிண்டின் பின்னால் எந்த நிறத்தை யார் சொன்னார்கள் என்று பென்சிலில் எழுதிவிடுங்கள்.

மாமாவின் அங்கவஸ்திரக் கரை மட்டும் என்ன நிறம் என்று அத்தைக்கு நினைவு வரவில்லை. பிள்ளைகள் பச்சை போடச் சொன்னார்கள். நான் சாம்பலாகவே விட்டிருக்கிறேன்.