ஆழியாறு கட்லாவும் தோட்டத்துச் சமையலும்

பொள்ளாச்சிப் பக்கம் ஆனைமலை, கோட்டூர், சேத்துமடை, ஆழியாறு வட்டாரத்தில் தென்னந்தோப்புக்குள் இருக்கும் பழைய சாளைகள் (தோட்டத்து வீடுகள்) சில இப்போது வாடகை வீடுகளாகிவிட்டன. ஓட்டுக்கூரை, திண்ணை, உள்ளே கேஸ் அடுப்பு. அதிர்ஷ்டம் இருந்தால் பின்னால் ஒரு விறகடுப்பும் அம்மியும் இருக்கும். எரிக்கத் தென்னை மட்டைக்கும் தேங்காய்த் தொட்டிக்கும் பஞ்சமே இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வந்து, நாமே ஆக்கித் தின்று இரண்டு மூன்று நாள் கிடக்கலாம். மத்தியதரைக்கடல் ஓரத்து மீனவ ஊர்களில் விடுமுறை என்றாலே பலருக்கு இதுதான். மால்டா தீவின் மார்சஷ்லொக்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில் துறைமுகத்து ஓரமே மீன் சந்தையாகிவிடும். முகப்பில் கண் வைத்த வண்ணப் படகுகள் ஒரு பக்கம், பை தூக்கிய வீட்டுக்காரர்களும் விருந்தாளிகளும் மறுபக்கம்.

பொள்ளாச்சிக்குக் கடல் இல்லை, அணை இருக்கிறது. இருந்தும் இங்கே சமைக்க வருகிறவர்கள் முதலில் தேடுவது பிராய்லர் கோழியைத்தான். அது எந்த ஊரிலும் கிடைக்குமே! கடல்மீன் வேண்டுமென்றால் கடைகளில் உண்டு, ஆனால் நெடுந்தூரம் ஐஸ் பெட்டியில் வந்த மீன். அதோடு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. பள்ளிக்கூடம் விடுமுறை விடுவதும், நாம் குடும்பத்தோடு கிளம்புவதும் அதே நாட்களில்தான். ஆகவே தோட்டத்து அடுப்புக்கு ஏற்றது அணை மீன். அதிலும் கட்லா.

பெரிய தலை, மேல்நோக்கித் திறக்கும் வாய், அகலமான செதில், தடித்த உடம்பு. இந்த அடையாளங்களை வைத்துக் கடையில் கட்லாவைக் கண்டுபிடித்துவிடலாம். வாய் மேல்நோக்கி இருப்பதற்குக் காரணம் அதன் சாப்பாடு. நீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிரிகளைத் தண்ணீரோடு உள்ளே இழுத்து, செவுளில் நெருக்கமாக இருக்கும் மெல்லிய முள்வரிசையால் வடிகட்டித் தின்னும் மீன் இது. தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் உண்டு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருப்பதுபோல் தனியாக இரைப்பையும் இல்லை. உணவு நேரே குடலுக்குப் போய்விடும். கூடவே விற்கும் ரோகு நீரின் நடுமட்டத்தில் மேய்வது. மிர்கால் அடிமட்டத்தில் மக்கிக் கிடப்பதைத் தின்பது. மூன்றையும் ஒன்றாக விட்டால் ஒன்றின் இரைக்கு மற்றொன்று அவ்வளவாகப் போட்டிக்கு வராது.

இந்த மூன்றும் நம் ஊர் மீன்களல்ல. கங்கைச் சமவெளியிலிருந்து வந்தவை. மழைக்காலத்து வெள்ளம் ஓடும் ஆற்றில்தான் இவை முட்டையிடும். குளத்தில் தேங்கிய நீரில் சினை பிடித்தாலும் முட்டையிடாமலே நின்றுவிடும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி இந்தச் சிக்கலுக்கு வழி கண்டார். மீனின் மூளையடியிலிருந்து எடுத்த பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றைச் சினைமீனுக்கு ஊசியாகப் போட்டு, வெள்ளம் இல்லாமலே முட்டையிட வைத்தார். ஜூலை 10 இன்றும் தேசிய மீன் வளர்ப்போர் தினம். அந்த ஊசி இல்லையென்றால் ஆழியாறு அணையில் பரிசல் விட்டு, செவுள் வலை போட்டுக் கட்லா எடுக்கும் காட்சியே இருந்திருக்காது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துக்காகத் தேக்கிய நீர் இது. முழுதாக நிரம்பினால் 120 அடி. பாசனத்துக்காகக் கட்டிய அணை, மீன் பின்னால் வந்த வரவு.

அந்த வரவும் உடனே பெருகிவிடவில்லை. தொடக்கக் காலத்தில் பலவகைக் குஞ்சுகளை, பொடியாக இருக்கும்போதே, கணக்கில்லாமல் விட்டார்கள். பொடிக்குஞ்சுகளில் பெரும்பகுதி மற்ற மீன்களுக்கு இரையாயிற்று. 1980களில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் யோசனைப்படி முறை மாறியது. எண்ணிக்கையைக் குறைத்தார்கள், குஞ்சு 10 செ.மீ. அளவு வளர்ந்த பிறகே அணையில் விட்டார்கள்; ஒரு கிலோவுக்குக் குறைந்த மீனைப் பிடிக்கக் கூடாது என்று வலைக் கண்ணின் அளவையும் பெரிதாக்கினார்கள். கொஞ்சமாக விட்டு, பெரிதாக வளரவிட்டு எடுத்ததில், ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சில பத்துக் கிலோ கிடைத்த இடத்தில் 200 கிலோவை நெருங்கிய விளைச்சல் வந்தது. இந்திய நீர்த்தேக்க மீன்வளம் பற்றிய நூல்களில் ஆழியாறு உதாரணமாக வருவது இதனால்தான். அணை மீனுக்கு இப்போது பொறுப்பு தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம்.

இனி அடுப்புக்கு வருவோம். அணை மீன் வேண்டாம் என்கிறவர்கள் சொல்வது இரண்டே குறைதான்: மண் வாடை, முள்.

மண் வாடை கற்பனையல்ல. நீலப்பச்சைப் பாசியும் சில மண் பாக்டீரியாக்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அது. கோடை மழையின் முதல் தூறலில் புழுதியிலிருந்து எழும் மணத்திலும் இதே ஜியோஸ்மின்தான் இருக்கிறது. நம் மூக்குக்கு இதில் அசாத்தியக் கூர்மை. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே பிடித்துவிடும். மழையில் ரசிக்கிறோம், தட்டில் முகம் சுளிக்கிறோம். நீரிலிருக்கும் ஜியோஸ்மின் மீனின் செவுள் வழியே இரத்தத்தில் கலந்து கொழுப்பில் போய்த் தங்குகிறது. அதனால் வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கருஞ்சவ்வையும் கொழுப்பையும் நன்றாக உரித்து எடுத்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித்தண்ணீரிலோ மோரிலோ சிறிது நேரம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். பாட்டிமார் சொன்ன இந்தப் பக்குவத்துக்குப் பின்னால் வேதியியல் இருக்கிறது: அமிலம் பட்டால் ஜியோஸ்மின் சிதைந்து வாடையில்லாத வேறு பொருளாகிறது. அணை மீனுக்குத் தேங்காய்ப்பால் மட்டும் ஊற்றிய குழம்பு சரிப்படாது, புளி தாராளமாக வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கும் அதுவே காரணம்.

முள் விஷயம் வேறு. விலா முள்ளும் நடுமுள்ளும் தொந்தரவில்லை, கண்ணுக்குத் தெரியும். தசைக்கு நடுவே எதனோடும் ஒட்டாமல் கிடக்கும் ஊசி முட்கள்தான் தொண்டையில் மாட்டுபவை. தசை அடுக்குகளுக்கு இடையிலான சவ்வுகள் எலும்பாக இறுகி உண்டானவை இவை. கெண்டை இனத்து மீன்களில் அதிகம், ஜிலேபி மீனில் அநேகமாக இல்லை. கட்லாவில் இவை முதுகுப் பக்கத்திலும் வால் பக்கத்திலும் கூடுதல். ஆகவே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும் மீனாக வாங்குங்கள். பெரிய மீனில் முள்ளும் தடித்து, கைக்குத் தட்டுப்படும். “வறுக்கறதுக்குங்களா, கொழம்புக்குங்களா?” என்று வெட்டுகிறவர் கேட்பது விலைக்காக அல்ல. வயிற்றுத் துண்டைக் குழந்தைகளுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். வால் பக்கத்தை வறுக்க எடுத்துக்கொண்டு, தோலிலிருந்து நடுமுள் வரை நெருக்கமாகக் கீறிவிடச் சொல்லுங்கள். ஊசி முட்கள் துண்டுதுண்டாகி எண்ணெயில் மொறுமொறுப்பாகிவிடும். தலையை வேண்டாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். கட்லாவின் கனமே தலையில்தான், குழம்புக்கு வழவழப்பும் அங்கிருந்துதான் வருகிறது.

மசாலாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சின்ன வெங்காயம், வரமிளகாய், கொத்தமல்லி விதை, கொஞ்சம் தேங்காய், அம்மியில் அரைத்தது. ஆனால் நேரத்தில் தவறக் கூடாது. ஆட்டுக்கறியை மணிக்கணக்கில் வேகவைப்பது அதன் தசையைக் கட்டியிருக்கும் உறுதியான இணைப்புத் திசு இளகுவதற்காக. மீனில் அந்தத் திசு குறைவு. இருப்பதும் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். புளிக்குழம்பை முதலில் தனியாகப் பச்சை வாசம் போகக் கொதிக்கவிட்டு, துண்டுகளைக் கடைசியில் போட்டால் பத்து நிமிடம் தாராளம். அதன் பிறகு கரண்டி கூடாது, சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். வறுப்பதற்குச் செக்குத் தேங்காயெண்ணெய் அந்த ஊரிலேயே கிடைக்கும். அது சீக்கிரம் புகையும் எண்ணெய், எனவே மிதமான தீ. தொட்டி போட்ட அடுப்பு பொசுக்கென்று பற்றி எரியும், பக்கத்தில் ஆள் வேண்டும்.

செதில், குடல், செவுளைத் தோப்பில் வீசிவிட்டு வராதீர்கள். நாயும் காட்டுப்பன்றியும் வந்து கிளறும். தோட்டத்துக்காரரிடமே கொடுத்துவிடலாம். அதே எடைக்கு வெல்லம் சேர்த்து, காற்றுப் புகாமல் மூடி, சில வாரம் வைத்தால் தேன்போல ஒரு கரைசல் கிடைக்கும். மீன் அமிலம் என்பார்கள். பயிருக்குத் தழைச்சத்து தரும் இதை, பத்து லிட்டர் டேங்குக்கு நூறு மில்லிக்குள் கலந்து தெளிப்பது வழக்கம். அளவு கூடினால் இலை கருகும்.