பொருளோடு சர்வீஸையும் விற்கும் கம்பெனிகள்... விற்பனை கூடும், லாபம் கூடுமா?

விமான இன்ஜின் பழுதானால் விமான நிறுவனத்துக்கு நஷ்டம். ஆனால், இன்ஜின் தயாரித்த கம்பெனிக்கு? உதிரிபாகம், பழுதுபார்ப்புக் கூலி என பில் போடலாம். அதாவது ஒருவரின் நஷ்டம், இன்னொருவரின் வருமானம். இந்தக் கணக்கையே மாற்றிப் போட்டதுதான் 'சர்விடைசேஷன்'.

அது என்ன சர்விடைசேஷன்?

பொருளை விற்றோமா, காசை வாங்கினோமா என்று ஒதுங்கிவிடாமல், பராமரிப்பு, கண்காணிப்பு போன்ற சேவைகளையும் உற்பத்தியாளரே சேர்த்து விற்பது. 1988-ல் சாண்ட்ரா வாண்டர்மெர்வே, ஹுவான் ராடா ஆகிய இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இந்தச் சொல்லைப் பிரபலமாக்கியது.

ஆனால், விஷயம் அதைவிடப் பழசு. 1962-ல் பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம், தன் வைப்பர் இன்ஜினுக்கு 'பவர் பை தி ஹவர்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. விமானம் எத்தனை மணி நேரம் பறக்கிறதோ, அதற்கு மட்டும் நிர்ணயித்த கட்டணம். பராமரிப்பு கம்பெனியின் தலையில்! பின்னாளில் அந்த நிறுவனத்தை வாங்கிய ரோல்ஸ் ராய்ஸ், இதே வழியில் 'டோட்டல்கேர்' திட்டத்தை நடத்துகிறது.

இதனால் யாருக்கு லாபம்?

வாடிக்கையாளருக்குத் திடீர் செலவு இல்லை. இன்ஜின் அடிக்கடி பழுதானால் கம்பெனிக்குத்தான் கையைக் கடிக்கும். அதனால், பழுதே வராமல் பார்த்துக்கொள்ள அதுவே மெனக்கெடும்.

சரி, கம்பெனிக்கு என்ன கிடைக்கிறது? இங்கேதான் சிக்கல். 25 நாடுகளைச் சேர்ந்த 10,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணக்குகளை ஆண்டி நீலி அலசினார். 2008-ல் வெளியான அந்த ஆய்வின்படி, சேவைகளையும் விற்கும் பெரிய நிறுவனங்களின் வருமானம் அதிகம்தான். ஆனால், அதில் லாபத்தின் விகிதம் குறைவு!

சேவை என்றால் ஆட்கள் வேண்டும், உதிரிபாகம் இருப்பு வேண்டும். செலவு முதலில் வந்துவிடும், வரவு மெதுவாகத்தான் வரும். ஆய்வாளர்கள் இதை 'சேவை முரண்' என்கிறார்கள். மொத்த விற்பனையில் சேவையின் பங்கு 20 முதல் 30 சதவீதத்தை எட்டிய பிறகே நிறுவனத்தின் மதிப்பு தெளிவாக உயர்கிறது என்கிறது, அதே 2008-ல் வெளியான இன்னொரு ஆய்வு.

ரிஸ்க் எங்கே போகிறது?

எங்கேயும் போவதில்லை, கைமாறுகிறது. 2020-ல் கொரோனாவால் விமானங்கள் தரையிறங்கின. பறந்தால்தானே மணிக்கணக்கில் காசு? ரோல்ஸ் ராய்ஸின் வருமானம் சரிந்தது. குறைந்தது 9,000 பேரின் வேலையைக் குறைக்கப்போவதாக அந்த ஆண்டு மே மாதம் அறிவித்தது.

ஆக, சேவையைச் சேர்த்து விற்பது தப்பில்லை. மெஷின் நின்றால் யார் பணம் நிற்கும் என்பதைக் கணக்குப் போட்டு விலை வைக்கத் தவறினால், விற்பனை கூடக் கூட நஷ்டமும் கூடும்.