முதுமையை அளப்பது எவ்வாறு?

மனித வாழ்வைப் பருவங்களாகப் பகுத்து ஆராய்ந்த அறிஞர்களுள் இப்னு ஸீனா (இறப்பு: 1037) குறிப்பிடத்தக்கவர். ஏறத்தாழ 30 வயது வரை வளர்ச்சி, 35 அல்லது 40 வரை நிலைபேறு, 60 வரை வலிமை எஞ்சியிருக்கும் தேய்வு, அதன்பின் முதுமை எனத் தம் ‘அல்கானூன்’ மருத்துவ நூலில் அவர் வகுத்தார். இன்றைய அளவீடுகளும் இப்பகுப்பினின்று வெகுதூரம் விலகவில்லை.

40 வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரம் குறைகிறது. 70 வயதைத் தாண்டினால் இக்குறைவு விரைவுபடும். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரிழந்து மெலிவதும், எலும்பு நலிந்து முதுகு வளைவதுமே இதற்குக் காரணங்கள். கை, கால்களின் நீண்ட எலும்புகளோ குறுகுவதில்லை.

இவ்வேறுபாட்டை அறியாது அளந்தால் பிழை நேரும். 43 கிலோ எடையுள்ள மூதாட்டி ஒருவரைக் கொள்வோம். இளமையில் அவர் உயரம் 155 சென்டிமீட்டர், இன்று 150. இன்றைய உயரத்தைக் கொண்டு கணக்கிட்டால் உடல் நிறை குறியீடு 19.1; அது இயல்பு எனப்படும். இளமை உயரத்தைக் கொண்டால் 17.9, அதாவது 18.5 என்னும் எல்லைக்குக் கீழே. அவரது மெலிவு ஏட்டில் மறைந்துபோகிறது! எனவேதான் முதியோருக்கு விரித்த கைகளின் நீளத்தையோ முழங்கால் உயரத்தையோ அளந்து இளமை உயரத்தை மதிப்பிடுகின்றனர்.

உள்ளுறுப்புகளிலும் இத்தகைய மறைவு உண்டு. வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் வடிகட்டும் ஆற்றல் குறைகிறது. அதனைக் காட்ட வேண்டிய கிரியேட்டினின் தசையில் உருவாவது. தசை தேய்ந்தவரிடம் அது குறைவாகவே உருவாவதால், சிறுநீரகம் நலிந்திருந்தும் இரத்தப் பரிசோதனை நலமெனக் காட்டக்கூடும். அதை நம்பி முழு அளவு மருந்து கொடுத்தால், சிறுநீரகம் வழியே வெளியேற வேண்டிய மருந்துகள் உடலில் தேங்கும்.

2017-18இல் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், அவர்தம் வாழ்க்கைத் துணைவர்கள் என 72,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்ற இந்திய முதுமை ஆய்வு, உயரம், எடையுடன் கைப்பிடி வலிமையையும் நடைவேகத்தையும் அளந்தது. இதன் பொருத்தத்தை நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையின் வாழவந்தி நாடு போன்ற இடத்தை எண்ணிப் பார்த்தால் உணரலாம். ஏற்றமும் இறக்கமுமான மலைநிலத்தில் ஒரு முதியவரின் தன்னுரிமை அவரது கால்வலிமையைச் சார்ந்தது. அதனை எடைக்கருவி சொல்லாது.

ஆகவே நம் வீட்டுப் பெரியவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது வயதையும் எடையையும் மட்டும் சொல்லி அமையாது, இளமையில் அவர்களுக்கிருந்த உயரத்தையும், கையூன்றாமல் எழ முடிகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்வோமாக. முதுமையைத் தடுத்தல் நம் கையில் இல்லை. அதனைப் பிழையின்றி அறிதல் நம் கடமை.