எவரெஸ்ட் ஏறிய மருந்துக் குப்பி

ஓடி விளையாடும்போது கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொள்கிறீர்கள். ரத்தம் கசிகிறது. தண்ணீர் விட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. நீங்களும் மறுபடி ஆடக் கிளம்பிவிடுகிறீர்கள்.

ரத்தம் எப்படித் தானாக நிற்கிறது என்று உங்களில் யாராவது யோசித்ததுண்டா? யோசித்திருந்தால் சபாஷ்! இன்றைக்கு அந்தக் கேள்வியில் ஆரம்பித்து எவரெஸ்ட் உச்சிவரை போகப் போகிறோம்.

ரத்தத்தில் தட்டணுக்கள் இருக்கின்றன. டெங்கு காய்ச்சல் செய்திகளில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். ரத்தக்குழாயில் கிழிசல் விழுந்ததும் இவை அங்கே போய் ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைக்கும். ஆனால் அந்த அடைப்புக்குப் பலம் போதாது. அதன்மேல் ஃபைப்ரின் என்ற இழைகள் பின்னிக்கொண்டால்தான் கெட்டிப்படும். அந்த இழைகள் உண்டாக, ரத்தத்தில் மிதக்கும் சில புரதங்கள் வேலை செய்ய வேண்டும். இவற்றுக்கு ஃபேக்டர் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு.

வீடு கட்டும் இடத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுவார்கள். நடுவில் ஒருவர் வரவில்லை என்றால் செங்கல் அங்கேயே தேங்கிவிடும். மேலே கொத்தனார் சும்மா நிற்பார். ஃபேக்டர்களும் அப்படித்தான். ஒன்று அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, கடைசியில் ஃபைப்ரின் பிறக்கும். வரிசையில் எட்டாம் ஃபேக்டர் குறைந்தால் அது ஹீமோபிலியா ஏ என்ற நோய். ஒன்பதாவது குறைந்தால் ஹீமோபிலியா பி. இதுவரை புரிகிறதல்லவா?

இந்தக் குறை பிறவியிலேயே வருவது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்குத்தான் வரும். தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

"ஐயோ, ஒரு கீறல் பட்டாலே எல்லா ரத்தமும் கொட்டிவிடுமே!" என்று பலர் பயப்படுகிறார்கள். அது உண்மையல்ல. ஹீமோபிலியா உள்ளவர்களுக்கு ரத்தம் வேகமாகப் பாய்வதில்லை. நிற்பதற்குத்தான் வெகுநேரம் ஆகிறது. சின்னக் கீறலை அழுத்திப் பிடித்தே நிறுத்திவிடலாம். பெரிய தொல்லை உடம்புக்கு உள்ளே இருக்கிறது. முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் வெளியே தெரியாமல் ரத்தம் கசியும். முதலில் லேசாகக் குறுகுறுக்கும். பிறகு வீங்கும், சுடும், காலை நீட்டவே முடியாமல் வலிக்கும். அதே மூட்டில் இப்படித் திரும்பத் திரும்ப நடந்தால் குருத்தெலும்பு கெட்டுப்போய் நடையே தடுமாறும். தலையில் அடிபட்டு உள்ளே கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

இப்படிப்பட்ட ஒருவர் மலையேறலாமா?

அமெரிக்காவின் டென்வர் நகரத்துக்காரர் கிறிஸ் பம்பார்டியர் ஏறினார். அவருக்கு இருப்பது கடுமையான ஹீமோபிலியா பி. 'கடுமையான' என்றால், மற்றவர்களுக்கு இருக்க வேண்டிய ஒன்பதாம் ஃபேக்டரில் நூற்றில் ஒரு பங்குகூட அவர் ரத்தத்தில் கிடையாது! 2011-இல் ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோவில் ஏறினார். 2017 மே 22 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றார். ஹீமோபிலியா உள்ளவர்களில் அங்கே முதலில் கால் வைத்தவர் அவர்தான். 2018 ஜனவரியில் அண்டார்டிகாவின் வின்சன் சிகரத்தையும் தொட்டார். அதோடு ஏழு கண்டங்களின் மிக உயர்ந்த சிகரங்களும் முடிந்தன.

எப்படி முடிந்தது? உடம்பில் இல்லாத ஃபேக்டரை அவர் ஊசியால் ஏற்றிக்கொள்கிறார். மருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் வெள்ளைப் பொடியாக இருக்கும். அதில் கிருமி நீக்கிய நீரைச் சேர்க்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும். அதனால் இரண்டு விரலில் பிடித்து மெதுவாகச் சுழற்றிக் கரைப்பார்கள். பிறகு கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, ரத்தக்குழாய் புடைத்ததும் மெல்லிய ஊசியைச் செருகி, அவசரமில்லாமல் மருந்தை ஏற்றுவார்கள். ஹீமோபிலியா உள்ள பல பிள்ளைகள் இதைத் தாங்களாகவே செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் அவ்வளவு மரியாதை!

ஆனால் ஏற்றிய ஃபேக்டர் உடம்பில் நிரந்தரமாகத் தங்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். அதனால் குறித்த நாளில் மறுபடி போட்டாக வேண்டும், மலையில் இருந்தாலும்தான்.

இப்போது எவரெஸ்டை நினைத்துப் பாருங்கள். உயரம் 8,849 மீட்டர். உச்சியில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அந்தக் குளிரில் மருந்து உறைந்தால் கெட்டுவிடும். அதை உடம்புச் சூட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். விரல் விறைத்திருக்கும். குளிரில் ரத்தக்குழாய்களும் சுருங்கி உள்ளே ஒளிந்துகொள்ளும். கையுறையைக் கழற்றாமல் ஊசி போடவும் முடியாது.

இன்னொரு விஷயம் கேளுங்கள், இது எனக்கு மிகவும் பிடித்தது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் உடம்பு சிவப்பணுக்களை அதிகமாக உண்டாக்கும். ரத்தம் கெட்டியாகும். எந்த மலையேறிக்கும் அங்கே ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து உண்டு. எனவே மருந்து குறைந்தாலும் ஆபத்து, தேவைக்கு மேல் போனாலும் நல்லதல்ல. டாக்டரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் கிளம்ப வேண்டும். கிறிஸை எல்லோரும் துணிச்சல்காரர் என்கிறார்கள். சரிதான். தன் உடம்பை அவர் பாடம் படிப்பதுபோல் படித்து வைத்திருந்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

"அப்படியானால் ஹீமோபிலியா உள்ள எல்லோரும் மலையேறலாமா?" என்று கேட்பீர்கள். அதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். குத்துச்சண்டை மாதிரி மோதிக்கொள்ளும் விளையாட்டுகள் வேண்டாம். நீச்சல் மிக நல்லது. தசைகள் பலமாக இருந்தால் மூட்டுக்குப் பாதுகாப்பு, ரத்தக் கசிவும் குறையும். சும்மா உட்கார்ந்தே இருப்பதும் கெடுதல்தான்.

கிறிஸ் நேபாளத்தில் இதே நோயுள்ள பிள்ளைகளையும் அவர்கள் குடும்பத்தாரையும் சந்தித்தார். அங்கே பலருக்கு ஃபேக்டர் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. ஒரே நோய்தான். மருந்து கிடைத்தவர் எவரெஸ்ட் ஏறினார். கிடைக்காத பிள்ளை பள்ளிக்கூடம்வரை நடக்கவே சிரமப்படுகிறான். இது நியாயமில்லை, இல்லையா? அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவ நிதி திரட்டத்தான் கிறிஸ் தன் மலைப் பயணங்களைப் பயன்படுத்தினார். தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசியைக் கட்டணமில்லாமல் போடுகிறார்கள். தெரியாதவர்களுக்கு நீங்கள் சொல்லலாம்.

ஏப்ரல் 17 உலக ஹீமோபிலியா நாள். உங்கள் வகுப்பில் இந்தக் குறை உள்ள தோழன் இருந்தால் அவனை விளையாட்டிலிருந்து ஒதுக்காதீர்கள். அவனுக்கு ஏற்ற விளையாட்டு எது என்று அவனையே கேளுங்கள். "முழங்கால் குறுகுறுக்கிறது" என்று அவன் சொன்னால் தேய்த்துவிடாதீர்கள், "ஒன்றுமில்லை, வா" என்று இழுக்கவும் செய்யாதீர்கள். அவனை உட்கார வைத்துவிட்டு, ஒருவர் ஓடிப்போய் உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள்.