மேடைக்குப் பின்னால் – 9: அடிக்கொரு விளக்கு

1966 ஒக்டோபர். நியூயோர்க்கில், 69ஆவது படைப்பிரிவின் அணிவகுப்பு மண்டபம். நடுவிலே ரென்னிஸ் களம் கீறி, ஓவியர் பிராங்க் ஸ்ரெல்லாவும் ஆட்டக்காரி மிமி கனரெக்கும் மெய்யாகவே பந்தடிக்கிறார்கள். பந்து மட்டையில் படும்போதெல்லாம் மண்டபம் அதிர ஒரு சத்தம். கூடவே ஒரு விளக்கு அணைகிறது. இருந்தவை 36 விளக்குகள். கடைசி விளக்கும் போனபின் பந்து எங்கே தெரியப்போகிறது? ஆட்டமும் முடிந்தது.

ரொபேர்ட் ரவுஷன்பேர்க்கின் ‘ஓப்பன் ஸ்கோர்’ அது. மட்டைதான் அதில் சூட்சுமம். பெல் ஆய்வுகூடப் பொறியியலாளர் பில் கமின்ஸ்கி, அதன் பிடிக்குள் சிறிய எஃப்.எம். ரான்ஸ்மீற்றரைப் புகுத்தியிருந்தார். நரம்புகளின் அதிர்வை ஒரு ஒட்டு மைக் பிடிக்கும். மட்டையின் சட்டத்தைச் சுற்றிய கம்பியே அன்ரெனா. ஆட்டக்காரருக்குப் பின்னால் வயர் ஒன்றும் இழுபடவில்லை. கம்பியில்லா உணரியால் மேடை வெளிச்சத்தை ஆட்டிவைப்பதற்கு இதைவிட அழகான தொடக்கம் எனக்குத் தெரியாது.

இன்று அந்த வேலைக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு இஎஸ்பி32 பலகை போதும். வைஃபை அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு முடுக்கமானியையும் சேர்த்துச் சலங்கைப் பட்டியில் தைத்துவிட்டால், ஆடுபவரின் கால் அடி கணினிக்குப் போகும். கணினி வெளிச்சத்தையோ ஒலியையோ தட்டிவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். காலை ஓங்கி மிதித்தால் அதிர்வு உடனே அடங்காது. ஒரே மிதி இரண்டு, மூன்றாகப் பதிவாகும். அதைத் தடுக்க, முதல் அடிக்குப் பின் 200 மில்லிசெக்கனுக்கு எதையும் கேளாதே என்று எழுதிவைப்பார்கள். ஆனால் வேகமான மூன்றாங் காலத்தில் செக்கனுக்கு ஐந்தாறு அடி விழலாம். அப்போது மெய்யான அடிகளும் தொலைந்துபோகும். ஆகவே ஒவ்வொரு அடிக்கும் வெளிச்சம் மாற்றுகிற ஆசையை நான் ஆதரிக்கமாட்டேன். ஜதிகளை முடித்துவைக்கிற தீர்மானத்தின் கடைசி மிதிக்கு மாறினால் போதும்.

எது கடைசி மிதி என்று உணரிக்குத் தெரியுமா? தெரியாது. வட்டுக்கோட்டைக் கூத்தில் மத்தளத்தோடு நிற்கிற அண்ணாவியாருக்குத் தெரியும்; அவருடைய கண் ஆடுபவரின் காலிலேயே இருக்கும். அவரைப் போல ஆட்டம் தெரிந்த ஒருவர் கணினிப் பக்கம் இருந்து, அந்தக் கடைசி மிதிக்குச் சற்றுமுன் உணரியின் சமிக்ஞைக்குக் கணினியில் கதவைத் திறந்துவிட வேண்டும். அதன்பின் மிதிக்கிற கணத்தை ஆடுபவர் பார்த்துக்கொள்வார். கதவு மூடியிருக்கும்வரை அவர் எவ்வளவு துள்ளினாலும் ஒன்றும் நடக்காது.

மானிப்பாய் மருதடிப் பிள்ளையாருக்குச் சித்திரைப் புத்தாண்டில் தேர். அப்படியொரு திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே மேடை போட்டு இதைப் பூட்டினால் இன்னொரு வில்லங்கம் வரும். பகல் ஒத்திகையில், ஆளில்லா வெளியில், எல்லாம் ஒழுங்காக ஓடும். இரவு சனம் நிறைந்ததும் சமிக்ஞை விட்டுவிட்டு வரும். சனத்தின் கைபேசிகளும் புளூடூத்தும் நெருக்குகிற அதே 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில்தான் நமது பலகையும் பேசுகிறது. போதாததற்கு, மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அந்த அலையை அது உறிஞ்சிவிடும். சலங்கையோ ஆகக் கீழே, காலில்.

ஆகவே சமிக்ஞை வாங்கியைக் கூட்டத்துக்குப் பின்னாலுள்ள மிக்சர் மேசையில் வைக்காதீர்கள். மேடையின் முன்வளையில், தலைகளுக்கு மேலே கட்டுங்கள். அங்கிருந்து கணினிவரை வயரே இழுங்கள், அதில் வெட்கமொன்றுமில்லை. மின்கலத்தை இடைவேளையில் மாற்றுங்கள். உணரி பேசாமல் நின்றுவிட்டால் அழுத்துவதற்கு, கதவு திறக்கிறவரின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சாதாரணப் பொத்தானும் இருக்கட்டும்.