கடன் வாங்கி அணிந்த சீருடை

1962-ம் வருஷத்துக் கோடைக்காலம். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் மோஸியர் வாலி என்று ஒரு சிற்றூர். அடிமைத்தளை நீங்கிய கறுப்பு மக்கள் 1870-களில் தாங்களாகவே குடியேறி அமைத்துக்கொண்ட ஊர் அது. அந்த ஊரில் வளர்ந்த ஒரு கல்லூரி மாணவருக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. அவர் பெயர் ராபர்ட் ஸ்டான்டன். வியோமிங் மாகாணத்திலுள்ள கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில் கோடைக்கால ரேஞ்சர் வேலை. சம்பளம் உண்டு.

ஊரார் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் மகிழ்ச்சியோடு ஒரு சங்கடமும் சேர்ந்து வந்தது. வேலை செய்யும் இடமோ ஆயிரம் மைலுக்கு அப்பால். பயணச் செலவு தம்முடையது. ரேஞ்சர் சீருடையையும் தாமே வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் மாதச் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னரே இவ்வளவு பணத்துக்கும் வழி வேண்டும். வீட்டிலோ வசதி இல்லை. ஸ்டான்டன் கடன் வாங்கினார். கடன் வாங்கிச் சீருடை வாங்கினார். கடன் பணத்திலேயே பயணமும் போனார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் உருண்டோடின. 1997-ல் அமெரிக்க தேசியப் பூங்கா இலாகா முழுவதற்கும் டைரக்டராக ஒருவர் பதவியேற்றார். அந்த ஆசனத்தில் அமர்ந்த முதல் கறுப்பர். அவர்தாம் கடன் வாங்கிச் சீருடை அணிந்த அந்த மாணவர்!

அன்று கடன் கொடுக்க யாரும் இல்லாமற் போயிருந்தால்? இந்தக் கேள்விதான் அமெரிக்காவின் இயற்கைப் பாதுகாப்பு ஸ்தாபனங்களை இன்றும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

சாலை போட்ட சிப்பாய்கள்

கறுப்பர்களுக்குக் காட்டில் நாட்டமில்லை என்று அமெரிக்காவில் வெகுகாலம் பலர் சொல்லிவந்தார்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

தேசியப் பூங்கா இலாகா 1916-ல்தான் பிறந்தது. அதற்கு முன்பு கலிபோர்னியாவின் பூங்காக்களை ராணுவமே காவல் காத்தது. 1903-ல் ஸெகோயா தேசியப் பூங்காவின் பொறுப்பு, காப்டன் சார்லஸ் யங் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1864-ல் கென்டக்கி மாகாணத்தில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறிய மூன்றாவது கறுப்பர். அவருடைய குதிரைப்படைச் சிப்பாய்களும் கறுப்பர்களே.

வானளாவிய ஸெகோயா மரங்கள் நிற்கும் பெருவனத்துக்கு அதுவரை வண்டிப் பாதை கிடையாது. அதற்கு முந்திய மூன்று கோடைகளில் போட்ட சாலையைவிட அதிக நீளச் சாலையை யங்கின் ஆட்கள் ஒரே கோடையில் போட்டு முடித்தார்கள். ஊரார் மனம் குளிர்ந்து, ஒரு மரத்துக்கு அவர் பெயரைச் சூட்ட விரும்பினர். இருபது வருஷம் கழித்தும் அதே எண்ணம் இருந்தால் சூட்டிக்கொள்ளுங்கள் என்றாராம் அந்தக் காப்டன். தம் பெயருக்குப் பதிலாகக் கறுப்பர்களின் கல்விக்கு உழைத்த புக்கர் டி. வாஷிங்டனின் பெயரைச் சூட்டச் செய்தார்.

சாலை போட்டவர்களின் சந்ததியாருக்கு அந்தச் சாலையின் முடிவில் என்ன காத்திருந்தது? வர்ஜீனியா மாகாணத்து ஷெனன்டோவா பூங்காவில் 1939-ல் லூயிஸ் மலை என்ற பகுதியைக் கறுப்பர்களுக்கென்று தனியே ஒதுக்கி, பெயர்ப்பலகையும் நட்டார்கள். இந்தப் பாகுபாடு மறைய 1950 வாக்காயிற்று.

முப்பது டாலர் செய்த மாயம்

1933-ல் பொருளாதார மந்தம் நாட்டை வாட்டியது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட், வேலையற்ற வாலிபர்களைத் திரட்டி இயற்கைப் பாதுகாப்புப் படை ஒன்றை அமைத்தார். மரம் நடுவதும், மண் அரிப்பைத் தடுப்பதும், பூங்காக்களில் பாதை போடுவதும் அவர்கள் வேலை. மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். 1942 வரை சுமார் 30 லட்சம் வாலிபர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். அவர்களில் கறுப்பர்கள் 2 லட்சத்துக்கு மேல். முகாம்கள் தனித்தனியாக்கப்பட்டன, மேலதிகாரிகள் பெரும்பாலும் வெள்ளையர். இவ்வளவு இழிவையும் பொறுத்துக்கொண்டு அவர்கள் காட்டுக்குப் போனார்கள். சம்பளம் என்று ஒன்று கிடைத்தவுடன் ஏழை வீட்டுப் பிள்ளைகள் காட்டை நோக்கி நடந்தார்கள் என்பதே இதில் உள்ள பாடம்.

யுத்தம் வந்து அந்தப் படை கலைந்தது. பின்னர் வந்தது தொண்டர் யுகம். 1957-ல் மாணவர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தன் முதல் மாணவர்களை ஒலிம்பிக், கிராண்ட் டீட்டன் ஆகிய இரு பூங்காக்களுக்கு அனுப்பியது. உத்தமமான நோக்கந்தான், ஆயிரக்கணக்கான நல்ல ஊழியர்களை அந்தச் சங்கம் தந்திருக்கிறது. ஆனால் நாளடைவில் இந்தத் துறையிலேயே ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. காட்டில் வேலை வேண்டுமா? முதலில் ஒரு கோடையோ இரண்டு கோடையோ கூலியில்லாமல் உழைத்து அனுபவம் பெற்று வா என்பதே அந்த வழக்கம். ஆமை முட்டைகளை எண்ணுவதும், பறவைக்கு வளையம் பூட்டுவதும் பணம் வாங்காமல் செய்யும் தொண்டாயின.

கோடை விடுமுறையில் சம்பாதித்தால்தான் அடுத்த வருஷத்துக் கல்லூரிச் சம்பளம் கட்ட முடியும் என்ற நிலையிலுள்ள மாணவன் என்ன செய்வான்? ஓட்டலில் தட்டுக் கழுவப் போவான். தகப்பனார் வீட்டு வாடகை கொடுக்க வல்லவராயிருந்தால் அந்த மாணவன் ஆமை முட்டை எண்ணப் போவான். நான்கு வருஷம் கழித்து இருவரும் ஒரே உத்தியோகத்துக்கு மனுப் போடுகிறார்கள். ஒருவனிடம் அனுபவம் இருக்கிறது; மற்றவனிடம் இல்லை. தேர்வு செய்பவர் மனத்தில் எந்தத் துவேஷமும் இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றுதான். அமெரிக்காவில் கறுப்பர், ஸ்பானிய வம்சத்தினர், செவ்விந்தியர் குடும்பங்களில் சொத்து குறைவு என்பதால், வாசலில் பெயர்ப்பலகை இல்லாமலேயே அந்த வாசல் அவர்களுக்குச் சாத்தப்பட்டுவிட்டது.

பதினாறு சதவிகிதம்

2014-ல் இதற்குக் கணக்கு வந்தது. டார்ஸெட்டா டெய்லர் என்ற பேராசிரியை நூற்றுக்கணக்கான இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்களையும், சர்க்கார் இலாகாக்களையும், நன்கொடை ஸ்தாபனங்களையும் ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அவர் ஜமெய்க்காவில் பிறந்தவர். யேல் சர்வகலாசாலையின் வனவியல் பள்ளியில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பு மாது. அமெரிக்க ஜனத்தொகையில் வெள்ளையரல்லாதார் அப்போது சுமார் 38 சதவிகிதம். இந்த ஸ்தாபனங்களின் ஊழியர்களிலோ அவர்கள் 16 சதவிகிதத்தைத் தாண்டவில்லை! காலியிடங்கள் விளம்பரமாகாமல் தெரிந்தவர் மூலம் வாய்மொழியாகவே நிரப்பப்படுகின்றன என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

இது கறுப்பர்களின் குறை மாத்திரமன்று, காட்டின் குறையுங்கூட. 2045-ம் வருஷ வாக்கில் அமெரிக்காவில் வெள்ளையர் பாதிக்கும் கீழே போய்விடுவார்கள் என்று அந்நாட்டு ஜனத்தொகைக் கணக்கு இலாகா 2018-ல் மதிப்பிட்டது. நாட்டில் பாதிப் பேருக்குக் காடு அந்நியமாகிவிட்டால், நாளை காட்டுக்காக வரி கொடுப்பவர் யார்? வோட்டுப் போடுபவர் யார்?

சம்பளத்தோடு ஒரு கோடை

ஆகவே, பழைய பாடத்தைப் புதிதாகப் படிக்கத் தொடங்கினார்கள். அமெரிக்க உயிரியல் சூழல் சங்கம் 1996-லேயே வெள்ளையரல்லாத மாணவர்களுக்கென்று ஒரு திட்டம் வகுத்தது. 2013-ல் தேசியப் பூங்கா இலாகா, சிறுபான்மை மாணவர்களைச் சம்பளத்தோடு பூங்காக்களில் விஞ்ஞானப் பயிற்சிக்கு அமர்த்தத் தொடங்கியது. புகையிலைக் கோடீசுவரரின் மகளான டாரிஸ் டியூக் விட்டுச்சென்ற செல்வத்திலிருந்து மிச்சிகன், வாஷிங்டன், புளோரிடா முதலிய சர்வகலாசாலைகளில் மற்றொரு திட்டம் நடந்தது. இரண்டு கோடைகள் மாணவருக்கு உபகாரச் சம்பளம். முதற்கோடை ஆராய்ச்சி, இரண்டாங்கோடை ஏதாவதொரு ஸ்தாபனத்தில் பயிற்சி.

சம்பளத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேதான் மாணவரை ஏற்கும் ஸ்தாபனத்தின் பொறுப்பு வருகிறது. வரும் மாணவர் விருந்தாளியும் அல்லர், எடுபிடியும் அல்லர். அவருக்குத் தங்க இடம் வேண்டும். பட்டணத்தில் பஸ் ஏறிப் பழகியவருக்குக் காட்டில் போய்வர வாகனம் வேண்டும். நல்ல பூட்ஸ், மழைக்கோட்டு, பைனாகுலர் வேண்டும். இவையெல்லாம் வேலை தொடங்கும் முதல் நாளே தேவை; சம்பளமோ சில வாரம் கழித்துத்தான் வரும். இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில்தான் பல ஏழை மாணவர்கள் இடறி விழுகிறார்கள். ஸ்டான்டனுக்கு 1962-ல் நேர்ந்த சங்கடம் அப்படியே இன்றும் இருக்கிறது! ஆகையால் முன்பணம் கொடுத்து, சாமான்களையும் வாங்கிவைக்கும் ஸ்தாபனமே மாணவரை முழு மனத்தோடு ஏற்ற ஸ்தாபனமாகும்.

அடுத்தது பயம். 2020 மே 25-ம் தேதி நியூயார்க் நகரத்து சென்ட்ரல் பார்க்கில் கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பர் பைனாகுலரும் கையுமாகப் பறவை பார்த்துக்கொண்டிருந்தார். நாயைக் கட்டாமல் விட்டிருந்த ஒரு வெள்ளை மாதைப் பார்த்து, விதிப்படி நாயைக் கட்டுங்கள் என்றார். அந்த மாதோ, கறுப்பர் ஒருவர் தம்மை மிரட்டுவதாகப் போலீசுக்கு டெலிபோன் செய்தார். நகரின் நடுவிலேயே இப்படி என்றால், ஆளரவமற்ற காட்டோரத்தில் தன்னந்தனியே நிற்கும் கறுப்பு மாணவரின் நிலை என்ன?

இதை உத்தேசித்து கார்னெல் சர்வகலாசாலை ஆராய்ச்சி மாணவர் இருவர் அதே வருஷத்தில் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் யோசனைகள் சொன்னார்கள். யாரையும் தனியே அனுப்பக்கூடாது. ஸ்தாபனத்தின் சின்னம் பொறித்த மேலங்கி கொடுக்க வேண்டும். காரில் பெயர் எழுதியிருக்க வேண்டும். அக்கம்பக்கத்து நிலச் சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. கொஞ்சம் முன்யோசனை இருந்தால் போதும்.

கோடை முடிந்த பிறகு?

கோடை முடிந்து கைகுலுக்கி வழியனுப்பினால் வேலை முடிந்ததா? அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. பொது நிலங்களில் குறிப்பிட்ட திட்டங்களின் கீழ் 640 மணி நேரம் உழைத்த இளைஞர், பொதுப் போட்டியில் நிற்காமலே சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுச் செய்யலாம். வாரத்துக்கு 40 மணி என்று வைத்தால் 640 மணிக்கு 16 வாரம் ஆகும். பத்துப் பன்னிரண்டு வார வேலையோடு நிறுத்திவிட்டால் மாணவர் படியேறி வாசலருகே வந்து நின்றுவிடுகிறார். இன்னும் சில வாரம் வேலையை நீட்டிக் கொடுப்பவர், கதவையே திறந்துவிடுகிறார்.

மாற்று அபிப்பிராயமும் இருக்கிறது. இனத்தைப் பார்த்து உதவி செய்வது நியாயமா, ஏழை வெள்ளைக்காரப் பிள்ளை என்ன பாவம் செய்தான் என்று கேட்பவர்கள் உண்டு. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பது செல்லாது என்று 2023 ஜூனில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் ஜனாதிபதி டிரம்ப், மத்திய சர்க்காரில் இத்தகைய திட்டங்களை மூடிவிடும்படி உத்தரவிட்டார். மாணவரை ஏற்றுவந்த ஸ்தாபனங்கள் திகைத்து நின்றதில் ஆச்சரியமில்லை.

ஆனால் இந்தச் சர்ச்சையிலும் அடிபடாத ஒன்று இருக்கிறது. உழைப்புக்குக் கூலி கொடு என்பதே அது. கூலியில்லாத வேலையை ஒழித்தால் மோஸியர் வாலி மாணவருக்கும் வழி பிறக்கும். சுரங்கத் தொழிலாளியின் வெள்ளைக்காரப் பிள்ளைக்கும் வழி பிறக்கும். திட்டத்தின் பெயர் எதுவானாலும், முன்பணமும் சம்பளமும் தங்க இடமும் உரிய நாளில் கிடைத்தால் வரவேண்டியவர்கள் வந்தே தீருவார்கள்.

1962-ல் உள்நாட்டு மந்திரியாயிருந்த ஸ்டூவர்ட் யூடால், தம் பொறுப்பிலுள்ள பூங்காக்களில் கறுப்பு ரேஞ்சர்கள் இல்லையே என்று கண்டு, கறுப்பர் கல்லூரிகளுக்கு ஆளனுப்பி மாணவர்களைத் தேடினார். அப்படிக் கண்டெடுத்தவர்களில் ஒருவரே ஸ்டான்டன். மந்திரி செய்தது பெரிய காரியம். ஆயினும் மாணவரின் பயணச் செலவுக்கு அவர் வழி செய்யவில்லை. அதைக் கடன்தான் செய்தது.

கடன் கிடைத்தவர் டைரக்டரானார். கடன் கிடைக்காமல் வீட்டிலேயே நின்றுவிட்டவர்கள் எத்தனை பேரோ! அவர்கள் பெயர் எந்தப் பூங்காவின் ஏட்டிலும் இல்லை.